முப்பத்தொரு செக்கன்

வல்வெட்டித்துறை. கனடாக்காரர் ஒருவரின்
கட்டி முடியாத மேல்மாடி.
ஏறிப் படமெடுக்கத் தவமலர் காசு கேட்கவில்லை.
"நாயை மட்டும் மிதிச்சுப்போடாதேங்கோ" என்றாள்.
அது ஏற்கெனவே தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே
தன்னை நாலாய் மடித்து வைத்திருந்தது.

முக்காலியை விரித்தேன்.
நடுத்தண்டில் ஒரு பை, பைக்குள் இரண்டு செங்கல்.
ஐஎஸ்ஓ நூறு. துவாரம் பதினொன்று.
தூரத்து வள்ளமொன்றின் விளக்கில் குவியத்தைப் பிடித்து
வளையத்தின் மேல் பிளாஸ்டர் ஒட்டினேன்.
இருட்டில் என் விரல்களை நான் நம்புவதில்லை.

சித்திரைப் பறுவம்.
நிலவு என் முதுகுக்குப் பின்னால் நின்று
கூரைகளுக்கு வெளிச்சம் பிடித்தது,
கலியாண வீடுகளில் எனக்கு லைற் பிடிக்கும் நிரோசனைப் போல,
ஆனால் போனைப் பார்க்காமல்.
சோளகம் தொடங்கியிருந்தது. புகை கடலுக்குப் போகும். நல்லது.

கைச்சுவரோரம் நின்ற சனத்தையும்
சட்டத்தின் கீழ்ப்பக்கம் விட்டுவைத்தேன்.
வானம் மட்டும் என்றால்
எந்த ஊர் வாணமும் ஒன்றுதான்.
ஆடுவார்கள், மங்கலாய் விழுவார்கள்,
விழட்டும்.

முதல் வாணம்.

கதவு திறந்தபடியே இருக்கும்,
ஆல்பத்தில் கிழித்த கறுப்பு மட்டையால்
கண்ணாடியை மறைத்துக் காத்திருப்பேன்.
ஒன்று எழும்பும்போது மட்டையை எடுப்பேன்,
விரிய விட்டு மூடுவேன்.
இப்படி மூன்று.
ஒன்றையொன்று கண்டேயிராத மூன்று வாணங்கள்
ஒரே படத்தில் தோளுரசிக்கொண்டு நிற்கும்.
கடையிலும் இதுதானே என் தொழில்:
லண்டன் மகனையும் பாரிஸ் மகளையும்
செத்துப்போன தகப்பனுக்கு இரண்டு பக்கமும்
ஒட்டிக் கொடுப்பது.

பச்சை. ஒன்று, இரண்டு,
பிறகுதான் சத்தம்.
சிவப்பு. ஒன்று, இரண்டு.

நான் கமெராவுக்காக எண்ணுகிறேன் என்றுதான் நினைத்தேன்.
பக்கத்தில் தவமலரின் உதடும் அசைகிறது.
அவளுடைய புருசன், கீழ்வீட்டு ரஞ்சிதமலர்,
பாங்கில் வேலை செய்யும் அந்த உயர்ந்த மனுசன்,
எல்லாரும்
வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில்
எண்ணிக்கொண்டு நிற்கிறோம்.
எவ்வளவு தூரத்தில் என்று அறிய
முன்பு எண்ணினது.
இப்போது தூரம் தெரியும்:
கடற்கரை, அறுநூறு எழுநூறு மீற்றர்.
என்றாலும் வாய் எண்ணுகிறது.
தவமலரின் மகன் யதுசனுக்கு எட்டு வயது, அவன் எண்ணவில்லை.
"நாவல் நிறம்! அங்கை, நாவல் நிறம்!" என்று
சுவரில் தட்டிக்கொண்டிருந்தான்.

கடைசிக்கு முதல் ஒன்று
வாலை இழுத்துக்கொண்டு உயரப் போனது.
விரியவில்லை.

மட்டை என் கையில்.
மூட மறந்துபோனேன்.
ஒருவரும் பேசவில்லை.
நாய் மூச்சு வாங்குவது கேட்டது.
கடலில் விழுந்திருக்கும் என்று யாரோ சொன்னபிறகுதான்
கதவைச் சாத்தினேன்.

கோயில் சபைக்கு நாற்பது படம் அனுப்பினேன்,
இதை அனுப்பவில்லை.
அவர்கள் கேட்டது வாணவேடிக்கை.
இதில் இருப்பது
பாதியில் நின்ற ஒரு சோக்குக் கோடு,
வள்ளங்களின் விளக்குகள், நிலவு பட்ட தகரங்கள்.
கீழே, முப்பத்தொரு செக்கனும் திறந்துகிடந்த கண்ணாடியில்
பெரியவர்கள் எல்லாரும்
வெட்டி ஒட்டினது போலக் கூர்மையாய்.
ஒரு தலைமயிர்கூட ஆடவில்லை.
யதுசன் மட்டும் புகை.
சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு
ஓடியிருக்கிறான்.