பாரம்

காலை ஆறு மணி இருட்டில்
புக்கிட் செராய் முச்சந்தியில் நாற்காலி போட்டாயிற்று.
நகராண்மைக் கழகம் தந்த பாரத்தில் ஏழு கட்டம்.
நாளுக்கு எழுபது வெள்ளி, மூன்று நாள்.
கிளிக்கர் அவர்களுடையது. குடை என்னுடையது.

"கார் ஒன்று. சின்ன லோரி ஒன்றேமுக்கால்.
பெரிய லோரி, பஸ், இரண்டேகால்.
மோட்டார், மூன்றில் ஒன்று."
சொல்லிக்கொடுத்தது ஹக்கிமி, கன்சல்டன்ட் கம்பெனிப் பையன்.
கடைசியில் எல்லாவற்றையும் காராக மாற்றிவிடுவார்களாம்.
சாலைக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதானாம்.

நடக்கிறவங்க?

"அதுக்குக் கட்டம் இல்ல, காக்."

ஆறரைக்கு மில் லோரிகள்.
வளைவில் ஒரு செம்பனைக் குலை உருண்டு விழுந்தது.
பின்னால் வந்தவர்கள் எல்லாம்
அதற்கு மட்டும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஏழு மணிக்கு ஊர் மொத்தமும் ஒரே வாசல் வழியாக வெளியே வந்தது.
மேல் டிவிஷன் மரங்கள் நின்ற இடத்தில்
ஆயிரத்து நூறு வீடு, வீட்டுக்கு இரண்டு கார்.
சாலை மட்டும் இன்னும் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு
பொத்தான் தெறிக்க நிற்கிறது.

கையுறைத் தொழிற்சாலை பஸ் ஊர்ந்து வந்தது.
நாற்பத்து நான்கு நேப்பாளப் பிள்ளைகள்,
கண்ணாடியில் சாய்ந்த நாற்பத்து நான்கு தூக்கம்.
இரண்டேகால்.
அதன் பின்னால் வெள்ளை வேன், குளிர்சாதனத்தோடு ஒரே ஒருத்தர்.
ஒன்று.
கணக்கு சரிதான். கணக்கு எப்போதுமே சரிதான்.

ஏழு பத்துக்கு எங்கள் மோட்டார் வந்தது.
குணாளன், முன்னால் திரேன், பின்னால் கவிஷா,
கடைசியில் என் இடம் காலியாக.
"ம்மா!" என்று கவிஷா கத்தினாள்.
ஒரு கிளிக்.

மற்ற நாளில் நாலு பேர் அதில்.
மூன்றில் ஒன்றை நாலாகப் பங்கிட்டால்
ஆளுக்குப் பன்னிரண்டில் ஒன்று.
பள்ளியில் படித்த கீழ்வாயிலக்கத்தில் தேடிப் பார்த்தேன்.
அரைக்கால் தெரியும். மாகாணி தெரியும்.
இதற்குப் பேரே இல்லை.
அரைக்காலுக்கும் மாகாணிக்கும் நடுவே
ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போகிறது என் குடும்பம்.

எட்டு நாற்பது பஸ் வரவில்லை.
இரண்டாம் நாளும் வரவில்லை.
நிறுத்தத்தில் பதினேழு பேர்.
ரத்தம் சுத்திகரிக்கப் போகும் ஆரோக்கியமேரி
ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றாள்.
பஸ் கட்டத்தில் சுழியம் போட்டேன்.
"ஓ, இந்த ரூட்டுக்கு பஸ் தேவைப்படலபோல" என்றான் ஹக்கிமி,
கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமல்.

மூன்றாம் நாள் மழை.
பாரத்தைத் திருப்பி முதுகுப் பக்கத்தில் கோடு இழுத்தேன்.
கேஸ் தோம்பு தோளில் ஏந்தியவர்,
செருப்பைக் கையில் பிடித்தவர்,
பாதி கடந்துவிட்டுத் திரும்பி ஓடியவர்,
இரண்டு முறை கடந்த அதே ஆரோக்கியமேரி.
நானூற்றுப் பன்னிரண்டு.
ஹக்கிமி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.
"சிஸ்டம் ஏத்துக்காது, காக்" என்றான்.
ஆனாலும் அடிக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து சமிக்ஞை விளக்கு வந்தது.
வண்டிகளுக்குத் தொண்ணூறு வினாடி.
நடப்பவர்களுக்குப் பச்சை மனிதன், பன்னிரண்டு வினாடி.
ஐந்து மிச்சம் இருக்கும்போதே அவன் ஓட ஆரம்பிக்கிறான்.

ஆரோக்கியமேரிக்கு இருபத்தொன்று வேண்டும்.
பாக்கி ஒன்பதை யார் கொடுக்கிறார்கள் என்று
நேற்றுதான் பார்த்தேன்.
முன்வரிசையில் மில் லோரி, ஸ்டியரிங்கில் கிழவர் சியா.
தனக்குப் பச்சை விழுந்த பிறகும்
கிளட்சை மிதித்தபடி, எங்கோ பார்ப்பதுபோல் இருந்தார்.

பின்னால் ஹார்ன் கிளம்பியது.
முதல் ஹார்ன் எங்கள் மோட்டாருடையது.
பள்ளி மணிக்கு மூன்று நிமிடம்தான் இருந்தது, உண்மைதான்.
ஆனாலும் குணாளன் முதுகில்
ஒரு குத்து விட்டேன்.