சாய்கோடு

சிலிம் ரிவரில் டயர் கடைக்கு மேல்மாடி.
ஒரு மேசை, ஒரு மின்விசிறி,
கீழே நாள் முழுக்கச் சக்கரம் கழற்றும் சத்தம்.
செம்பனை ஆலையின் சம்பளக் கணக்கு
ஜாவாஸ்கிரிப்டில் ஓடுகிறது.
அதைப் பார்த்துக்கொள்ள வந்த
மூன்றாவது ஆள் நான்.

முதல் ஆள் எதையும் எழுதிவைக்கவில்லை.
எக்ஸ், எக்ஸ் ஒன்று, எக்ஸ் புதுசு
என்று பெயர் சூட்டிவிட்டு
பெர்த்துக்குப் போய்விட்டார்.

இரண்டாவது ஆள் விக்னராஜ். வாயாடி.
வரிக்கு வரி இரண்டு சாய்கோடு,
அதன் பின்னால் பேச்சு.
'இங்கே கூட்டுகிறேன்' என்று எழுதிவிட்டுக்
கூட்டுவார்.
கண் முன்னால் நடப்பதற்கு எதற்கு வர்ணனை?

ஆனால் நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
'இதைத் தொடாதே. நான் தொட்டேன்.
தீபாவளி முன்பணம் இரண்டு தடவை போய்விட்டது.'
அங்கே எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது.
இன்னும் கொஞ்சம் கீழே
'மழையில் நனைந்த லோரிக்கு எடைப்பாலம்
பன்னிரண்டு கிலோ பொய் சொல்லும்.
அதனால்தான் இந்தக் கழித்தல்.'
என்ன என்று சொல்லக் கிளிப்பிள்ளை போதும்.
ஏன் என்று சொல்ல
அடிபட்டவன் வேண்டும்.

இயந்திரம் இதில் ஒரு சொல்லும் படிப்பதில்லை.
கோடு இரண்டைக் கண்டதும்
கடன் கொடுத்தவனைக் கண்டவன்
தெரு மாறுவதுபோல
அடுத்த வரிக்குப் போய்விடும்.

அறுநூற்று ஏழாம் வரி
சாம்பல் நிறத்தில் கிடந்தது.
பேச்சு இல்லை அது. கணக்கு.
மழைநாள் படி:
காலை ஆறரைக்கே வந்து
குலை வெட்ட முடியாமல்
கொட்டகையில் நின்றவருக்கு
நாளுக்குப் பதினெட்டு வெள்ளி.
அதன் முன்னால் யாரோ
இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.
பக்கத்தில் மலாயில் ஒரே சொல்: செமெந்தாரா.
தற்காலிகம்.
தேதி, ஏழு வருஷத்துக்கு முந்திய அக்டோபர்.
பெயர் இல்லை.
வாயாடி விக்னராஜ்கூட அந்த இடத்தைச்
சத்தமில்லாமல் தாண்டியிருந்தார்.

அழித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.
அழிக்க மனசு வராத ஒருவர்.
அல்லது, துணிச்சல் வராத ஒருவர்.

பட்டியலைத் திறந்தேன்.
ரஃபிக்குல், புஷ்பநாதன், தமயந்தி.
மழைநாள் பத்தியில் சுழியம், சுழியம், சுழியம்.
கொட்டகை வாசலில் தேங்கிய தண்ணீரில்
சொட்டு விழுந்தால் வருமே,
அந்த வடிவம்.

வியாழன் மத்தியானம், கோப்பி ஓ ஆறிப்போக,
வரியின் தலையில் போய் நின்று
இரண்டு தட்டு.
சாம்பல் போய் நிறம் வந்தது.
மேலே என் பங்குக்கு இரண்டு கோடு போட்டு எழுதினேன்:
'செமெந்தாரா முடிந்தது.
நிறுத்தச் சொன்னது யார் என்று தெரிந்தவர்
இங்கே பெயரோடு எழுதவும். கோமளேஸ்வரி.'
மாதிரிக் கணக்கை ஓட்டி
ஒப்புதலுக்கு அனுப்பினேன்.

நாலு மணிக்குக் கணக்காளர் அருள்தாஸ் அழைத்தார்.
"என்னம்மா மாத்தினே?"
"ரெண்டு கோட்டை எடுத்தேன் சார்."
"கோடுதானே?
அப்புறம் ஏன் இந்த மாசம்
பதினோராயிரம் வெள்ளி ஏறி நிக்குது?"

வரி எண்ணைச் சொன்னேன்.
மறுமுனையில் தட்டச்சுச் சத்தம், தேடுகிறார்.
பிறகு அதுவும் நின்றது.
கீழே ஒரு சக்கரம் உருண்டுபோய்ச்
சுவரில் இடித்து விழுந்தது.
அவர் இன்னும் ஒன்றும் பேசவில்லை.
படிக்கிறார்.