பதினாறும் பெறாமல்

கிரீனக் துறையில் கயிறு எறிந்த கைகள்
இப்போது அடுத்தவர் படுக்கைவிரிப்பை மடிக்கின்றன.
நாலு முனையும் சேர வேண்டுமென்று
சலவைக்கடைக்கார போஷெனா சொன்னதே இல்லை.
சேராவிட்டால் ரோனாவுக்குத்தான் தூக்கம் வராது.

வாரத்தில் பதினாறு மணி நேரத்தைத் தொடக்கூடாது.
பதினைந்தே முக்கால் வரை போகலாம்.
பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்கவென்று
எங்கோ யாரையோ வாழ்த்தும் இதே உலகில்
பதினாறு பெற்றால் பிழைப்பு போய்விடும் என்கிறது
இவளுக்கு வந்த கடிதம்,
மிகுந்த மரியாதையோடு,
‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடித்து.

அதனால்
போன வருடக் காலண்டரின் முதுகில் பென்சில் கணக்கு.
திங்கள் நாலு. செவ்வாய் ஒன்றரை.
புதன் நாலேகால்.
வியாழன் கால் மரத்துப்போனதால் இரண்டு,
அடைப்புக்குறிக்குள் மழை.

நரம்பின் மேலுறை உரிந்துகொண்டிருக்கிறது
என்றார் மருத்துவர்.
பதினொரு வருடம் படகில் இருந்தவள்.
உப்புக்காற்றில் மின்கம்பி உரிவதைப் பார்த்திருக்கிறாள்.
மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

கேட்டதெல்லாம் அலுவலகம்தான்.
வெறும் அட்டைப்பெட்டியைத் தூக்க முடியுமா?
வெறும் பெட்டி, முடியும்.
ஒரு லிட்டர் பால்?
காலையில் முடியும்.
சட்டைப் பொத்தான்?
எந்தக் கிழமை என்று திருப்பிக் கேட்டாள் ரோனா.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
தட்டச்சு செய்த பெண் ஒரு நிமிடம் யோசித்து
‘முடியும்’ என்பதில் குறியிட்டாள்.

மூன்றாம் மாடி டூகல்
அவள் படியேறும் நாளில் மட்டும் எதிரே வருகிறான்.
‘பரவாயில்லையே, தேறிட்டே!’
படியேறாத நாட்களை அவன் பார்த்ததில்லை.
கதவுக்கு உள்பக்கம் இருப்பவை அவை.

வெள்ளி.
பகல் ஒரு மணிக்குப் பதினைந்தே முக்கால்.
பென்சிலை வைத்துவிட்டு மேலங்கியை மாட்டினாள்.
பேருந்துக்கு இன்னும் நாற்பது நிமிடம்; வெளியே கிளைடு ஆறு
படுக்கையாக இல்லாமல் நெட்டுக்குத்தாகப் பெய்துகொண்டிருந்தது.
வாடிக்கையாளர் பெஞ்சில் வாடிக்கையாளரைப் போல உட்கார்ந்தாள்.
போஷெனா வங்கிக்குப் போயிருந்தாள்.

ஒரு கிழவர், மூன்றாம் எண் இயந்திரத்தின் முன்னால்.
கண்ணாடிக்குப் பின்னே நீலக் கம்பளிச்சட்டை ஒன்று
நனைந்து ஒட்டிக்கிடக்கிறது. கதவு திறக்கவில்லை.
‘ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ராத்திரிக்கு இது வேண்டுமாம்’
என்றார், இயந்திரத்திடம்.

மூன்றாம் எண்ணுக்கு ஒரு பக்குவம் உண்டு.
இடுப்பால் இடதுபுறம் ஓர் இடி, பிறகு பிடியை மேலே.
ரோனா எழுந்தாள். இடித்தாள். திறந்தது.
திறந்த கை சும்மா இருக்குமா?
உதறி, கையோடு கை வைத்து,
கழுத்துப் பட்டியைத் தடவிவிட்டு,
நாலாக மடித்துக் கொடுத்துவிட்டது.

ஆறு நிமிடம்.

இது வேலையா?
கணக்கில் எழுதினால் எந்தக் கிழமையில்,
எழுதாவிட்டால் எந்தக் குற்றத்தில்?

கிழவர் ஒரு பவுண்டு நாணயத்தை நீட்டினார்.
தணலைக் கண்டவள்போல் பின்வாங்கினாள்.
அவருக்குப் புரியவில்லை;
புண்பட்டவராக அதை உலர்த்தியின் தலையில் வைத்துவிட்டு
மழைக்குள் போனார், சட்டையை மார்போடு அணைத்து.

நாணயம் அங்கேயே இருந்தது.
ரோனா அதைப் பார்த்தாள்.
அதுவும் விடுவதாக இல்லை.

கடைசியில் அதை எடுத்து
உலர்த்தியின் வாயில் போட்டாள்.
பத்து நிமிட வெந்நீர்க்காற்று,
துணி ஒன்றும் இல்லாமல் உருளை சுற்றத் தொடங்கியது.
இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்து நின்றாள்.

போஷெனா குடையை உதறிக்கொண்டே வந்தாள்.
‘உள்ளே யாருடையது?’
‘யாருடையதும் இல்லை.’
‘பேருந்து போய்விட்டதே?’

ரோனா பதில் சொல்லவில்லை.
வலது கையில் சூடு தெரிந்தது.
இடது கைக்கு
இன்னும் வந்துகொண்டிருந்தது.