ஐந்தாம் தடவை

செல்லூர், மூணாப்பு ‘பி’.
ஜன்னலுக்கு வெளியே தறி, தடக் தடக்.
நித்யகல்யாணி வாசிக்கிறாள்;
நேரம் பார்ப்பது நான்.

முதல் தடவை
எ, ரு, மை, கு, ள, த் என்று
எழுத்தெழுத்தாகக் கரையேற்றினாள்.
இரண்டு நிமிஷம் பத்து.

அடுத்ததில் ‘இறங்கியது’வில் மட்டும் வழுக்கினாள்.
அந்த ‘ற’ என் நோட்டில் எச்சிலாய்த் தெறித்தது.
மூன்றில் விரலை எடுத்துவிட்டாள்.
நான்கு: ஐம்பது விநாடி.
தறி தோத்துச்சுடி, என்றேன்.

ஐந்தாம் தடவை
பாதியில் நிற்கிறாள்.
நேரம் போகுது, படிடி என்கிறேன்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்:
“ஏய், கொக்கு பாறைன்னு
ஏறி உக்காந்திருக்குடி.
அது எருமை!”

நாலு தடவையும் இதே எருமைதான்.
இப்போதுதான் அசைந்தது.

கட்டத்தில் எழுதினேன்:
மூன்று நிமிஷம்.
நானும் சிரித்துவிட்டதால்
சரியாகத் தெரியவில்லை.