கப்பல் திரும்பும்போது

தையல் நாடா மூன்றாம் தடவை காணாமல் போன அன்று
ஜெஸீமா நேரே பட்டிக்கே வந்துவிட்டாள்.
யாரோ ஒருத்தியின் கல்யாணச் சட்டை பாதியில் கிடக்கிறதாம்,
நான் நாம்பனின் கொம்பில் நாடாவைச் சுற்றிக்கொண்டு நிற்கிறேனாம்.
நின்றேன்தான்.
இடது, முப்பத்திநாலே கால்.
வலது, முப்பத்தைந்து.
நுனிக்கு நுனி ஒரு ஓட்டோவின் அகலம்.

கப்பல் என்று பேர் வைத்தது நானல்ல.
துறைமுகத்தில் மூட்டை இறக்கும் மச்சான் பஸீர்
கிண்ணியாப் பாலத்தில் கண்டுவிட்டுச் சொன்னது.
இரண்டு பக்கமும் வாகனங்கள் இரைய
ஒரு கண்ணாடியிலும் உரசாமல்
நடுக்கோட்டைப் பிடித்து வந்தானாம்.
“இழுவைப் படகு இல்லாமலே வருகுது, பாருங்கடா.”

பதினொரு வருஷம்.
எல்லாம் கொப்பியில் இருக்கிறது.
வான் எலயில் வாங்கிய வெள்ளைக் கிழவி:
அரைப்போத்தல் பால், ஒரு உதை, தினமும் அதே கணக்கு.
ஆனால் அவள் குனிந்து தண்ணீர் குடிக்கையில்
குளம் முழுவதையும் கொம்புக்குள் வைத்திருப்பாள்.
தம்பலகாமத்து மயிலைக்கு அவளை விட்டேன்.
முதல் கன்று கூடுகொம்பு. விற்றேன்.
அடுத்ததற்கு ஒன்று வானம் பார்க்க, ஒன்று மண் பார்க்க,
பள்ளிப் பிள்ளைகள் நின்று அதனிடம் மணி கேட்டார்கள்.
அதையும் விற்றேன், கொஞ்சம் அழுதுவிட்டு.
மூன்றாவது
இவன்.

மிருக வைத்தியர் தில்ஹானி
குளிர் புகையும் பெட்டியோடு வந்து இறங்கினார்.
உள்ளே ஜேர்ஸி, ஒரு குழாயளவு.
“கொம்பக் கறந்தா பால் வருமா, காக்கா?
இவன நலமடிச்சிருங்கோ.”
படிவத்தில் ஒரு கட்டம்: இனவிருத்தியின் நோக்கம்.
பேனை காத்துக்கொண்டு நின்றது.

மார்கழி வெள்ளத்தில், என்றேன்,
இரவில் மாடு நீந்தும்போது கொம்பு மட்டுந்தான் தெரியும்,
டோர்ச் அடித்து எண்ணிக்கொள்ளலாம்.
எழுதிக்கொண்டார்.
பொய். வெள்ளத்துக்கு முதலே மேட்டுக்குப் போய்விடுவோம்.
நரி கிட்ட வராது, என்றேன்.
அதுவும் பொய். கப்பலுக்குப் பயந்த ஒரே சீவன்
கடன் பார்க்க வந்த வங்கி மனேஜர்.

இறைச்சிக் கடையில் முதலில் வெட்டி எறிவது கொம்பைத்தான்.
தராசில் அதற்கு இடமில்லை.
எனக்குத் தெரியாதா?

கோட்டையடியில் புள்ளிமான்கள்
கடைப்படியில் நின்று பிஸ்கட் கேட்கின்றன.
அவற்றுக்கும் கொம்புதான். விழும், முளைக்கும், மறுபடி விழும்.
இவனுக்கு ஒருதரம்.
மழை பொய்த்த வருஷம் அதில் ஒரு வளையமாய் நிற்கிறது,
விரலால் தடவினால் அந்தப் பசி தட்டுப்படும்.

படிவத்தில் சொல்லாதது இது:
அஸர் கழிந்து வெயில் மஞ்சளாகும் நேரம்
இடது விலாவில் ஒரு ஈ உட்காரும்.
கப்பல் திரும்புவான்.
அவசரமில்லை. நுனி எங்கே முடிகிறதென்று
பார்க்காமலே தெரியும் அவனுக்கு.
பசுக்கள் ஒரு அடி விலகும், கொக்கு ஒரு அடி தள்ளும்,
பால் வாளியோடு போகும் ஜெஸீமா
நிமிர்ந்து பார்க்காமலே தலையைக் குனிவாள்.
ஈ எப்போதோ பறந்திருக்கும்.
அவன் இன்னும் திரும்பிக்கொண்டிருப்பான்.

வியாழன் வருவதாகச் சொல்லிப் போனார் தில்ஹானி,
கன்றுக்குக் கொம்பு முளையைச் சுட்டுவிடலாமாம்,
இரண்டு கிழமை தாண்டினால் கஷ்டமாம்.
தோணிக்கு இன்று பன்னிரண்டாம் நாள்.
நெற்றி மயிரை விலக்கினால் புளியங்கொட்டையளவில் இரண்டு.
“எத்தனை?” என்றாள் ஜெஸீமா, நாடாவைப் பிடுங்கியபடி.
ஒன்றுமில்லை, என்றேன். பூச்சியம் என்றே எழுதினேன்.

அப்போது தோணியின் விலாவில் ஒரு ஈ.
மெல்ல, மிக மெல்ல,
இல்லாத இரண்டு நுனிகளுக்கும் வழிவிட்டு
தலையைத் திருப்பினாள்.
ஜெஸீமா ஒரு அடி பின்னால் போனாள்.