குறைந்தபட்சம் பத்துச் சொல்

பய்சண்டூ நகரத்தில்
ஆறு இன்று எத்தனை மீட்டர் என்பதை
ஏழாம் பக்கத்தில் போடுவோம்.
திருத்தங்களும் அங்கேதான்,
ஆற்றுமட்டத்துக்கும் இரங்கல் அறிவிப்புக்கும் நடுவே
இரண்டு விரற்கடை அகலத்தில்.

இறைச்சி ஆலையில் அமோனியா கசிந்த இரவு மட்டும்
முதல் பக்கம், நான்கு பத்தி:
குடிபோதையில் வால்வைத் திறந்துவிட்டார் காவலாளி.
காவலாளியின் பெயர் நெல்சன் எச்செவெர்ரி.
மூவரோடு அவரும் செத்துப்போயிருந்ததால்
மறுப்பு ஏதும் வரவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஆய்வறிக்கை வந்தது.
ரத்தத்தில் ஒரு துளி மது இல்லை.
வால்வு துருப்பிடித்து இரண்டு வருஷம்.

ஆலை இயக்குநர் கறுப்பு டை கட்டி வந்தார்.
ஒலிவாங்கிகளைக் கொஞ்சம் தள்ளிவைத்தார்.
"வருந்தத்தக்க நிகழ்வு நேர்ந்துவிட்டது."
நேர்ந்தது, தானாக, ஆலங்கட்டி மழை மாதிரி.
"யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்" என்றார்.
பட்டிருந்தால்.
நாலு சவப்பெட்டிக்குப் பிறகும் அந்த 'ஆல்'.
படம் சரியாக விழவில்லை, இன்னொரு முறை தலைகுனியுங்கள்
என்றான் எங்கள் புகைப்படக்காரன் தபாரே.
குனிந்தார்.

எங்கள் பங்குக்கு நான் எழுதினேன்:
நாங்கள் பொய்ச் செய்தி வெளியிட்டோம்.
ஆசிரியர் பொய்யை அடித்துப் பிழை ஆக்கினார்.
வழக்கறிஞர் பிழையை அடித்துத் துல்லியக்குறைவு என்றார்.
'நாங்கள்' எப்போது கழன்று விழுந்ததென்று
இருவருக்கும் நினைவில்லை.
தோன்றா எழுவாய் என்கிறதே இலக்கணம்,
எங்கள் அலுவலகத்தில் அது நிரந்தரப் பணியாளர்.

சனிக்கிழமைகளில் வரி விளம்பர மேசையும் எனக்குத்தான்.
அக்குளில் வெந்நீர்க் குடுவையை இடுக்கிக்கொண்டு
சுல்மா பிதார்ட்டே வந்தாள். நெல்சனின் மனைவி.
கத்துவாள் என்று நினைத்தேன்.
கண்ணாடிக்கு அடியில் இருந்த கட்டண அட்டையைப் படித்தாள்.
சொல் ஒன்றுக்கு முப்பது பெசோ.
குறைந்தபட்சம் பத்துச் சொல்.
ஒரு சீட்டை நீட்டினாள்:

அன்றிரவு நெல்சன் எச்செவெர்ரி குடிக்கவில்லை.

இன்னும் ஆறு சொல் சேர்க்கலாம், காசு ஒன்றுதான் என்றேன்.
அன்புக் கணவர், ஆறாத் துயரம், ஏதாவது.
"வேண்டாம். அந்த இடத்தை அப்படியே விட்டுவையுங்கள்.
எழுதவேண்டியவர்கள் நீங்கள்."

என் காதில் பேனா செருகியிருந்தது.
எடுத்தேன்.
ரசீது எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில்
வெற்றிடம் பொறுக்காத பக்க அமைப்பாளர்
அங்கே ஒரு டயர்க் கடையை இறக்கிவிட்டார்.
அவசரத்தில் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் மாறிப்போயிற்று.
கடைக்காரர் திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டார்,
தொண்டை கிழிய.

செவ்வாய்க்கிழமையே போட்டோம்.
யாரும் அடிக்கவில்லை, வழக்கறிஞரைக் கேட்கவில்லை:

டயர் விளம்பரத்தில் நாங்கள் தவறு செய்துவிட்டோம். மன்னியுங்கள்.

விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன்.
ஆறு.
அதற்கு நேர் மேலே இன்னோர் ஆறு:
நான்கு மீட்டர் பத்து, ஏறுமுகம்.