ஒடியல்

மாசி மாதம். ரெஜைனாவில் மண்
கோடாலிக்கும் இளகாது.
வளவும் வீட்டுக்காரருடையது.

கிளினிக் பெண் படிவத்தை நீட்டினாள்:
தனியாகவா, மற்றவற்றோடு சேர்த்தா?
தனியென்றால் இருநூற்றுப் பத்து டொலர் கூட.

"சேர்த்தே எரிக்கட்டும், பூனைதானே," என்றார் குகதாசன்
பேனையின் மூடியைத் திறக்காமல்.

ஒடியல் இன்னொரு பூனையை
ஜன்னலோரம் அண்ட விட்டதில்லை.
கண்ணாடிக்கு அப்பால் நின்றாலும்
சீறித் துரத்தும்.

நான்தான் சரி போட்டேன், தனியாக.

பத்தாம் நாள் ஒரு பேணி வந்தது.
அதன் சாப்பாட்டு டின்னைவிடப் பாரம் குறைவு.
சாமியறையில் வைக்க அவர் விடவில்லை;
அலமாரிக்குள் வைக்க எனக்கு மனமில்லை.

இப்போது ஹீட்டர் துவாரத்தின் ஓரம் இருக்கிறது,
அது படுத்த இடத்தில்.
இரவில் சூடு கிளம்பும்போது
மூடி டிக்கென்கிறது.
அவர் எழும்பிப் போய்
தொட்டுவிட்டு வருகிறார்.